அவர் பேசிக்கொண்டே இருந்தார்

டைப்பிஸ்டம்மா தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள் என்று அந்த அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது கத்திரி. முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது, மெய் என்று ஒப்புக்கொள்ளவும் முடியாது. அவள் தன்னோடு பேசிக்கொள்ளவில்லை. காதில் மாட்டிய ஹெட்போனுக்குள் இருப்பவர்களோடு பேசினாள்.

"இன்னிக்கு யாரும்மா உள்ள? ரொம்ப சுவாரஸ்யமா?"

"கணக்கு டீச்சர். பஸ்ல குண்டு வெடிச்சப்போ ஜன்னல் வழியா விழுந்து பிழைச்சவங்க. சும்மா இருங்க, இப்பதான் அழுகைய நிறுத்தியிருக்காங்க."

"நீங்க இங்க உக்காந்து 'ம்' கொட்டினா அவங்களுக்குக் கேக்குமா?"

"உங்களுக்குக் கேட்டுடுச்சுல்ல? அது போதும், போங்க."

கத்திரி சிரித்துக்கொண்டே போவார். ஐம்பது வயது, முன்னால் போகும் தொப்பை, பின்னால் வரும் ஆள். மூன்று மணி நேரப் பேச்சை நான்கு நிமிடப் படமாக வெட்டிக் கொடுப்பது அவர் வேலை. அதனால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும் பார்க்கலாம்.

மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் மாடியில் மூன்று அறைகள். அதுதான் அலுவலகம். கொல்வதுதான் வீரம், சாவதுதான் பெருமை என்று ஒரு கூட்டம் ஊரிலுள்ள இளசுகளின் காதில் ஓதிக்கொண்டிருந்தது. போனைத் திறந்தால் அந்தப் பேச்சு. அதற்கு எதிர்ப்பேச்சாக இவர்கள் மேடை போட்டு முழங்கவில்லை. குண்டிலும் துப்பாக்கியிலும் தப்பிப் பிழைத்தவர்களைத் தேடிப் போய், நடந்ததை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, கல்லூரிகளுக்கும் சிறைகளுக்கும் எடுத்துப் போனார்கள். 'அதோ எதிரி' என்று எவனோ காட்டிவிட்ட திசையில் நிற்பது ஒரு கணக்கு டீச்சர் என்று தெரிந்தால், பத்துப் பேரில் ஒருவனாவது கையை இறக்குவான் என்ற நம்பிக்கை.

பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குவது டைப்பிஸ்டம்மாவின் வேலை. காலடியில் ஒரு பெடல். மிதித்தால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும். இருமினால் இருமல் என்று போட வேண்டும். வாக்கியம் பாதியில் நின்றால் பாதியிலேயே நிறுத்த வேண்டும். ஆறு வருடம் செய்து செய்து, காதுக்குள் போனது மூளைப் பக்கம் எட்டிப் பார்க்காமல் நேரே விரலுக்கு இறங்கிவிடும் அளவுக்குப் பழகியிருந்தது.

அவள் புருஷன் எப்படிச் செத்தார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. வேலைக்குச் சேரும்போது விண்ணப்பத்தில் 'கணவர்' என்ற இடத்துக்கு எதிரே 'காலமாகிவிட்டார்' என்று எழுதினாள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் கேமரா முன்னால் உட்கார வைத்திருப்பார்கள். உட்கார்ந்து என்ன சொல்வது? ஒன்பது வருடத்துக்கு முன்னால், ரயில் நிலையத்து மூன்றாவது பிளாட்பாரத்தில் குண்டு வெடித்தபோது அவர் அங்கே இருந்தார். அவள் வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நடந்த இடத்தில் இருந்தவர்களுக்குக் கதை இருக்கிறது. அவளுக்கு ஏது?

அவளிடம் இருந்ததெல்லாம் ஒரு வாக்கியம். ஆஸ்பத்திரியில் ஒருவர் சொன்னார், போலீஸ்காரர் சொன்னார், அப்புறம் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள்: "உடனே போயிட்டாரும்மா. வலியே தெரிஞ்சிருக்காது." ஆள் மாறினாலும் வார்த்தை மாறாமல் வந்ததுதான் அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. உடனேயா? இல்லாவிட்டால் எவ்வளவு நேரம்? பக்கத்தில் யாராவது இருந்தார்களா? சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, ஒரு டம்ளர் டீயோடு உட்கார்ந்தால் இந்த மூன்று கேள்விகளும் எதிர் நாற்காலியில் வந்து உட்காரும். பிள்ளை குட்டி இல்லாத வீடு. விரட்டவும் ஆளில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெடலை மிதித்ததும் ஒரு ஆண் குரல் காதைப் பிளந்தது. அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தாள். ரயில் நிலையத்தில் பார்சல் ஏற்றி இறக்குகிறவர். ஒன்பது வருடமாக யாரிடமும் வாய் திறக்காதவர், இப்போதுதான் சம்மதித்திருந்தார். காது மந்தம், அதனால்தான் அந்தக் கத்தல். எந்த ரயில் நிலையம் என்று அவர் சொன்னதும் டைப்பிஸ்டம்மாவின் கால் தானாகவே பெடலை விட்டு எழுந்தது. பிறகு மிதித்தாள்.

"...டிராலி என் கால் மேல. ஆட்ட முடியல. காதுக்குள்ள ஒரே விசில். பக்கத்துல... ஒரு கை தூரம் இருக்கும்... ஒருத்தர் கெடந்தார். வழுக்கைத் தலை. சட்டைப் பையில குட்டிக் குட்டியா... பேனான்னு நெனச்சேன். பேனா இல்ல, ஸ்க்ரூ டிரைவர். கழுத்துல ஒரு ஷூ கயிறு. கறுப்பு. அதுல ஒரு... மூடி மாதிரி, கண்ணாடி வெச்ச மூடி. என்னன்னு தெரியல."

அவளுக்குத் தெரியும். கடிகாரம் பழுது பார்க்கிறவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ். அதை வாரத்துக்கு ஒருமுறை தொலைத்துவிட்டு வீட்டையே கவிழ்த்துப் போடுவார் என்று, ஷூ கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டவளே அவள்தான்.

"அவர் என்னைப் பாத்துப் பேசினார். பேசிட்டே இருந்தார். நிறுத்தவே இல்ல. நான்..."

இந்த இடத்தில் பேட்டி எடுத்த பெண் குறுக்கே விழுந்தாள். கையில் கேள்விப் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு அடுத்த கேள்வியின் மேல்தான் கண். "சரிங்கய்யா. இதைச் செஞ்சவங்க மேல அந்த நேரத்துல உங்களுக்கு என்ன தோணுச்சு?"

அதோடு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. வழுக்கைத் தலைக்காரர் அப்புறம் வரவே இல்லை.

டைப்பிஸ்டம்மா அந்த இடத்தை ஏழு முறை ஓட விட்டாள். நிறுத்தவே இல்லை. நிறுத்தவே இல்லை. 'உடனே' என்ற சொல் ஒன்பது வருடம் கழித்து அவள் கையிலிருந்து நழுவிப் போயிற்று. அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. என்ன முணுமுணுத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. விரல் மட்டும் வழக்கம்போல வேலை பார்த்தது. மத்தியானம் பிரதியை அனுப்பிவிட்டு, தலைவலி என்று சொல்லி வீட்டுக்குப் போனாள்.

எழுத்தாக்கிய பிரதி சொன்னவருக்கே போகும். அவர் படித்துப் பார்த்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் படம் வெட்ட ஆரம்பிப்பார்கள். பதினெட்டு நாள் கழித்து அந்தப் பிரதி திரும்பி வந்தது. ஒரு கையெழுத்துகூட இல்லாமல்.

மேடம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். மேடம் என்றால் முப்பத்தைந்து வயதுப் பெண்தான். அலுவலகத்தை நடத்துகிறவள் என்பதால் எல்லோருக்கும் மேடம்.

"உக்காருங்கம்மா. ஆறாம் பக்கம் இது. நீங்களே படிங்க."

டைப்பிஸ்டம்மா படித்தாள். 'பேசிட்டே இருந்தார். நிறுத்தவே இல்ல. நான்...' அதற்குக் கீழே, கேள்வி என்று போட்டு, தன் விசைப்பலகையின் சுத்தமான எழுத்தில் மூன்று வாக்கியங்கள்:

'என்ன பேசினார்? வலின்னு சொன்னாரா? என் பேரைச் சொன்னாரா?'

அதைச் சுற்றி நீல மையில் ஒரு வட்டம். ஓரத்தில் கோணல் மாணலாக: 'இதைக் கேட்டவங்களை நான் பாக்கணும். பாத்த பிறகுதான் கையெழுத்து.'

"ரெக்கார்டிங்கை மூணு தடவை கேட்டேன்மா. இந்தக் கேள்விய யாருமே கேக்கல."

"நான்தான் மேடம்."

"நீங்கதான்னு தெரியுது. ஆறு வருஷத்துல ஒரு கமா கூட நீங்க தப்பா போட்டதில்ல. அதனாலதான் படிச்சுப் பாக்காம அனுப்பிட்டேன். எனக்கு வேண்டியதுதான்." அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "அந்தக் கூட்டம் நம்மளைப் பத்தி என்ன சொல்றாங்க? எழுதிக் கொடுத்துப் பேச வைக்கிறாங்க, எல்லாம் நாடகம்னு சொல்றாங்க. அவங்ககிட்ட ஆள் இருக்கு, பணம் இருக்கு, பாட்டு இருக்கு. நம்மகிட்ட இருக்கறது நடந்தது மட்டும்தான். அதுல நாம ஒரு வார்த்தை சேர்த்தா முடிஞ்சுது கதை. இருநூறு பேர் சொன்னதும் பொய்யாயிடும். புரியுதுல்ல?"

"புரியுது மேடம்."

"புரிஞ்சும் ஏம்மா?" என்று கேட்டவள் சட்டென்று நிறுத்தினாள். மறுபடி தாளைப் பார்த்தாள். "'என் பேரை'ன்னா... யார் பேரை?"

டைப்பிஸ்டம்மா சொன்னாள். மூன்றே நிமிடம். சொல்லி முடித்தபோது அவளுக்கே வியப்பாக இருந்தது, ஒன்பது வருடம் இவ்வளவுதானா என்று.

மேடம் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "ஏன்மா சொல்லல?"

"எதைச் சொல்ல? அங்க நான் இல்லையே."

"அவரைப் பாக்கறீங்களா?"

"பாக்கலன்னா அவர் கையெழுத்துப் போட மாட்டாரே."

"அதை விடுங்க. அது எங்க கவலை. நீங்க பாக்கறீங்களா?"

"பாக்கறேன்."

"ரெக்கார்டர் ஓடும்மா. பிரதியைப் பத்தி யார் வந்து பேசினாலும் பதிவு பண்ணணும். உங்களுக்காக நான் அதை மாத்த முடியாது."

"மாத்தவும் கூடாது மேடம்."

வியாழக்கிழமை பத்து மணிக்கு அவர் வந்தார். மாடிப்படி ஏறி வரும் ஊன்றுகோல் சத்தம் நின்று நின்று கேட்டது. அறுபதைத் தாண்டிய ஆள். சுமை தூக்கிய தோள் இன்னும் அகலம் குறையவில்லை, அதற்குக் கீழே ஒரு கால் மட்டும் சிறுத்துப் போயிருந்தது. உட்கார்ந்ததும் நாற்காலியைத் திருப்பி வலது காதை அவள் பக்கம் வைத்துக்கொண்டார். நடுவில் மேஜைமேல் ரெக்கார்டரின் சிவப்புப் புள்ளி எரிந்தது. மேடம் ஜன்னலோரமாக நின்றாள்.

"நீங்கதானாம்மா?" கீழே கண்ணாடிக் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

"நான்தாண்ணே. அவர் என் வீட்டுக்காரர், வாட்ச் ரிப்பேர் பண்றவர். நீங்க சொன்னீங்களே மூடி, அது லென்ஸ்."

"லென்ஸா! ஒம்போது வருஷமா அது என்னன்னு மண்டைய ஒடைச்சுக்கிட்டேன்மா." அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்து, தொண்டையைச் சரி செய்துகொண்டு ஆரம்பித்தார். "கேளுங்கம்மா. உங்களைப் பத்தித்தான் பேசினார். என் பொண்டாட்டி தங்கமானவ, அவளைத் தனியா விட்டுட்டுப் போறேனேன்னு சொன்னார். வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. கடைசியா உங்க பேரைச் சொல்லித்தான் அமைதியா கண்ணை மூடினார்."

இதைக் கேட்கத்தானே டைப்பிஸ்டம்மா ஒன்பது வருடம் காத்திருந்தாள். ஆனால் ஆறு வருடம் பழகிய காது வேறொன்றைக் கேட்டது. கண்ணால் கண்டதைச் சொல்கிறவர்கள் தடுக்கித் தடுக்கித்தான் சொல்வார்கள். பேனா என்பார்கள், இல்லை, ஸ்க்ரூ டிரைவர் என்பார்கள். பாதியில் நிற்பார்கள், வேண்டாத ஷூ கயிற்றில் மாட்டிக்கொள்வார்கள். இது எதிலும் தடுக்காமல் வந்தது. எண்ணெய் போட்ட கதவுபோல.

"என் பேர் என்னண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், மனிதர் மாட்டிக்கொண்டிருப்பார். அவள் கேட்கவில்லை. கொஞ்சம் முன்னால் நகர்ந்து, அவருடைய வலது காதுப் பக்கம் குனிந்து, நிதானமாகக் கேட்டாள்:

"அண்ணே, அப்போ உங்களுக்குக் காது கேட்டுச்சா?"

அவருடைய பெரிய கைகள் இரண்டும் ஊன்றுகோலின் தலையைப் பிடித்துப் பிசைந்தன.

"இல்லம்மா."

ஜன்னல் பக்கமிருந்து மேடம் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு எழுத்துக் கேக்கலம்மா. விசில்தான். இந்தக் காது ஆறு மாசம் கழிச்சுத்தான் கொஞ்சம் திரும்பி வந்துச்சு, அந்தக் காது வரவே இல்ல. அவர் வாய் அசையுது. பேசறார், பேசறார். நடுவுல சிரிச்சார். ஒரு தடவை விரலை நீட்டி எண்ணிக் காட்டினார், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. என்ன எழவுன்னு புரியல. நானும் மூணு விரலைக் காட்டினேன். அவருக்கு ஒரே சந்தோஷம்."

"எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி நேரம்... இருக்கும். கூடவும் இருக்கலாம். ஆளுங்க வந்து என் மேல இருந்த டிராலியைத் தூக்கறப்போ திரும்பிப் பாத்தேன். பேச்சு நின்னிருந்துச்சு." அவருடைய சத்தமான குரல் முதல்முறையாகத் தணிந்தது. "நான் பண்ணினது துரோகம்மா. காதைத் தொட்டு, கேக்கலைன்னு கையைக் காட்டியிருக்கலாம்ல? காட்டல. அவர் பேசப் பேசத் தலையாட்டிட்டே இருந்தேன். வீட்டுக்குச் சொல்ல வேண்டியது ஏதாவது சொல்லியிருப்பார். இவன்கிட்ட சொல்லிட்டோம், போய்ச் சேந்துடும்னு நம்பித்தானேம்மா போயிருப்பார்? அதனாலதான் நான் யார்கிட்டயும் வாயே தொறக்கல. இப்ப இந்தப் புள்ளைங்க வந்து, நீங்க சொன்னா நாலு பசங்க திருந்துவாங்கன்னு சொன்னதால சொன்னேன். அதுலயும் இதை முழுங்கிட்டேன். பேப்பர்ல உங்க கேள்வியைப் பாத்ததும், அவரே எழுந்து வந்து கேக்கற மாதிரி இருந்துச்சு."

டைப்பிஸ்டம்மாவுக்கு அழுகை வர வேண்டிய இடம் அது. வந்தது வேறு.

"அண்ணே, ஒண்ணு சொல்லட்டுமா? முப்பது வருஷம் அந்த மனுஷனோட குடும்பம் நடத்தினேன். வாயைத் தொறந்தா ஸ்பிரிங், பல்சக்கரம், எவனோ கொண்டு வந்த பழைய கடிகாரம். நான் ஒரு பக்கம் வேலையைப் பாத்துக்கிட்டே தலையை ஆட்டுவேன். பாதி காதுலயே விழாது. அவருக்கும் தெரியும். 'நீ கேக்கலைன்னு தெரியும்டி, ஆனா தலையை நிறுத்தாதே'ன்னு சொல்வார்."

பார்சல்காரர் அவளையே பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் ஆம்பளைகள் முகம் குழந்தை மாதிரி ஆகிவிடும்.

"நெஜமாவா?"

"நெஜம். நீங்க வேற எதையும் செஞ்சிருந்தா அவருக்குப் பிடிச்சிருக்காது."

பிறகு அவள் கேட்டாள்: "எப்படித் தலையாட்டினீங்க? எனக்குக் காட்டுங்க."

அவர் காட்டினார்.

கையெழுத்துப் போடும்போது அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஆறாம் பக்கத்தில் 'எனக்குக் காது கேக்கல, ஆனாலும் தலையாட்டினேன்' என்று சேர்க்க வேண்டும். படத்திலும் அது வர வேண்டும். மேடம் அவரை மறுபடி கேமரா முன்னால் உட்கார வைத்து, அவர் வாயாலேயே சொல்ல வைத்தாள். கத்திரி அன்று முழுக்க ஒரு கிண்டல்கூட செய்யவில்லை. சாயங்காலம் ஒரு டம்ளர் டீயை அவள் மேஜையில் வைத்துவிட்டு, "நான் பாட்டுக்கு உளறியிருக்கேன்மா, இத்தனை நாளும்" என்றார். "இனிமேயும் உளறுங்க. திடீர்னு நிறுத்தினா எனக்குப் பயமா இருக்கும்" என்றாள் அவள்.

"உங்க பதிவை வெளியில கொடுத்து டைப் பண்ணிக்கலாம்மா" என்றாள் மேடம்.

"வேண்டாம் மேடம். வெளியில போனா 'பல்சக்கர'த்துல பல்லை விட்டுடுவாங்க. நானே பண்ணிடறேன்."

வெள்ளிக்கிழமை காலை அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். தன் குரலைக் காதுக்குள் கேட்பது இதுதான் முதல்முறை. யாரோ ஒரு கிழவி பேசுகிறாள் என்று இருந்தது. பேசுகிறவர் யார் என்று ஒவ்வொரு வரிக்கும் முன்னால் போட வேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டு 'டைப்பிஸ்ட்' என்று போட்டாள். அவர் சொன்ன பொய்யையும் சொன்னபடியே அடித்தாள். ஒரு சொல் குறைக்கவில்லை. அந்த இடத்தில் மட்டும் பதிவை இரண்டு முறை பின்னுக்கு ஓட்டிக் கேட்டாள். வேலைக்காக இல்லை. பொய்யென்று தெரிந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

'எப்படித் தலையாட்டினீங்க? எனக்குக் காட்டுங்க.'

அதற்குப் பிறகு ரெக்கார்டரில் ஒன்றுமில்லை. கீழே தெருவில் ஏதோ வண்டி போகிற சத்தம், அதுவும் தேய்ந்து போனது. அவர் கண்ணை இமைக்காமல், மெதுவாக, மேலும் கீழும், புரிகிறது புரிகிறது என்று ஆட்டிக்காட்டியதெல்லாம் அந்த இடத்தில்தான் இருந்தது. காதில் விழாததை எழுதக் கூடாது. அவள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். 'அமைதி, நாற்பத்தொரு விநாடி' என்று அடித்தாள்.

பிறகு அவருடைய குரல்: 'போதுமாம்மா?'

அதற்கு அந்தக் கிழவியின் குரல்: 'இன்னும் கொஞ்சம்.'

மறுபடியும் அமைதி. டைப்பிஸ்டம்மா கால் பெடலை அழுத்தியபடியே, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.